அத்தியாயம் 5: ஊசலும் இட்லி மாவும் – மாணவர்களே விடை தேடும் வகுப்பு

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுப்பவர்களுக்கான அத்தியாயம் இது. நாற்பது பிள்ளைகள், ஒரு கரும்பலகை, நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளை, அதிகம் திறக்கப்படாத ஆய்வக அலமாரி. இந்த நிலைமையை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். இரண்டு பாடங்களை முழுதாகத் தருகிறேன். முதலாவது தனி ஊசல். அதற்கு இரண்டு பாடவேளை போதும். இரண்டாவது பொங்காத இட்லி மாவு. அதற்கு ஒரு வாரம் ஆகும், வீடும் சேர்ந்துகொள்ளும். வரிசையை மாற்றாதீர்கள். ஊசலில் சில நிமிடங்களில் விடை தெரிந்துவிடும், பிழை நடந்தால் உடனே மறுபடி செய்து பார்க்கலாம். மாவில் ஒரு பிழை நடந்தால் ஒரு நாள் போய்விடும். முறையை ஊசலில் பழகிக்கொண்டு மாவுக்குப் போவதுதான் நல்லது.

## தெரிந்திருக்க வேண்டிய கொஞ்சம்

சிக்கலைத் தீர்ப்பது என்றால் அறிவியல் வகுப்பில் நான்கு வேலைகள்: என்ன சிக்கல் என்று தெளிவாகச் சொல்வது, எவையெல்லாம் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிப்பது, ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துச் சோதிப்பது, கிடைத்த அளவை வைத்து முடிவுக்கு வருவது. முதல் இரண்டும் பிள்ளைகளுக்குத் தாமாகவே வரும். மூன்றாவதுதான் வராது. அதைப் பழக்கித்தான் வரவழைக்க வேண்டும்.

பெர்பல் இன்ஹெல்டரும் ழான் பியாஜேயும் இதைத்தான் ஊசலை வைத்துச் சோதித்தார்கள். கயிற்றையும் பல எடைகளையும் பிள்ளைகளிடம் கொடுத்து, ஊசலின் வேகத்தைத் தீர்மானிப்பது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சிறு பிள்ளைகள் கயிற்றைக் குட்டையாக்கும்போதே எடையையும் மாற்றிவிட்டு, எடைதான் காரணம் என்று உறுதியாகச் சொன்னார்கள். நம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் முதல் தடவை இதையேதான் செய்வார்கள். செய்யட்டும். அந்த இடத்தில்தான் நம் பாடம் தொடங்குகிறது.

இது வசதியான பள்ளிக்குத்தான் சரிப்படும் என்று நினைக்க வேண்டாம். 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து, விலை குறைந்த பொருள்களை வைத்துத் தாங்களே சோதனை செய்து பாடம் படித்தார்கள். அரசுப் பள்ளிகளுக்குள்ளேயே அது முப்பது ஆண்டுகள் நடந்தது.

## முன்தயாரிப்பு

ஐந்து பேருக்கு ஒரு குழு. நாற்பது பேர் என்றால் எட்டுக் குழு. ஆறு பேருக்கு மேல் போனால் இரண்டு பேர் வேடிக்கை மட்டும் பார்ப்பார்கள்.

ஒரு குழுவுக்கு வேண்டியவை:

- நீளாத நூல், ஒன்றரை மீட்டர். பூக்கட்டும் நூல் சரிவராது. அது முறுக்கு அவிழ்ந்து நீளும். சணல் அல்லது தையல் நூலை இரட்டையாகத் திரித்தால் போதும்.
- ஒரே அளவுள்ள இரும்பு நட்டு நான்கு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்.
- ஜெம் கிளிப் ஒன்று. இதை விரித்துக் கொக்கியாக்கி நூலின் நுனியில் கட்ட வேண்டும்.
- 30 செ.மீ. ஸ்கேல், பென்சில், ஒட்டும் டேப்.
- நேரம் பார்க்க ஏதாவது ஒன்று. கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளே போதும். ஆசிரியரின் கைப்பேசி ஒன்றுதான் இருக்கிறது என்றால், நீங்களே "தொடங்கு", "நிறுத்து" சொல்லி எல்லாக் குழுவையும் ஒன்றாக எண்ணச் சொல்லலாம். அப்படிச் செய்தால் 30 விநாடியில் எத்தனை அலைவு என்று எண்ண வேண்டும்.

முதல் நாள் மாலையே இதை நீங்கள் ஒருமுறை செய்து பாருங்கள். இந்தப் படியைத் தாண்டாதீர்கள். 10 அலைவுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய இப்படி வர வேண்டும்:

- நீளம் 15 செ.மீ. என்றால் 7.8 விநாடி
- நீளம் 30 செ.மீ. என்றால் 11 விநாடி
- நீளம் 60 செ.மீ. என்றால் 15.5 விநாடி

அரை விநாடி முன்பின் இருந்தால் பரவாயில்லை. ஒரு விநாடிக்கு மேல் தள்ளிப் போனால் நீளத்தை அளந்ததிலோ எண்ணியதிலோ பிழை இருக்கிறது. உங்களுக்கு எந்த இடத்தில் தடுக்கியதோ அதே இடத்தில்தான் பிள்ளைகளுக்கும் தடுக்கும். இந்த எண்களைக் குறித்த தாளை உங்கள் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் காட்ட வேண்டாம்.

## முதல் பாடவேளை: கேள்வியும் திட்டமும்

1. பேசாமல் தொடங்குங்கள். இரண்டு ஊசல்களை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்க விடுங்கள். ஒன்று குட்டை நூலில் ஒற்றை நட்டு. மற்றது நீள நூலில் மூன்று நட்டு. ஒன்றைக் கொஞ்சமாகவும் மற்றதை அதிகமாகவும் இழுத்து விடுங்கள். மூன்று வேறுபாடுகளை வேண்டுமென்றேதான் ஒன்றாக வைக்கிறோம். தலைப்பைப் பலகையில் எழுதாதீர்கள். எழுதினால் பாதிப் பேர் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கிவிடுவார்கள்.

2. ஒரே கேள்வி கேளுங்கள்: "ரெண்டும் ஒரே மாதிரி ஆடலையே, ஏன்?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் கண்டறிந்தார். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, தாமாகக் கை தூக்குவோரும் கூடினார்கள். கேட்கச் சின்ன விஷயம்தான். வகுப்பில் கடைப்பிடிப்பது கடினம். மூன்று விநாடி மௌனம் நமக்கு மூன்று நிமிடமாகத் தோன்றும்.

3. வரும் பதில்களைப் பிள்ளை சொன்ன சொல்லிலேயே பலகையில் எழுதுங்கள். "வெயிட்டு ஜாஸ்தி டீச்சர்", "கயிறு நீளம்", "நீங்க அதை ரொம்ப இழுத்து விட்டீங்க", "காத்து தள்ளுது". எதற்கும் "சரி" சொல்லாதீர்கள், "தப்பு" சொல்லாதீர்கள், "வெரி குட்" என்றும் சொல்லாதீர்கள். ஒரு பதிலைப் பாராட்டினால் மற்றவர்கள் தங்கள் பதிலை விழுங்கிவிடுவார்கள். "இன்னும்?" என்று மட்டும் கேளுங்கள்.

4. பட்டியலிலிருந்து மூன்று சந்தேகங்களை வகுப்பே தேர்ந்தெடுக்கட்டும்: எடை, நூலின் நீளம், எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறோம் என்பது. வேறொரு சந்தேகம் பலமாக வந்தால் அதை ஓரத்தில் எழுதி, "இதை அடுத்து எடுப்போம்" என்று சொல்லுங்கள். சொன்னால் எடுக்கவும் வேண்டும்.

5. ஒவ்வொருவரும் தங்கள் கணிப்பை நோட்டில் பேனாவால் எழுத வேண்டும், பென்சிலால் வேண்டாம். "எடை கூடினால் மெதுவாக ஆடும் என்று நினைக்கிறேன், ஏனென்றால்..." என்று காரணத்தோடு இருக்கட்டும். பின்னால் அது பொய்த்துப் போனாலும் அடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, மதிப்பெண் குறையாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் பிள்ளைகள் ரப்பரோடு வளர்ந்தவர்கள். சோதனை முடிந்ததும் சத்தமில்லாமல் கணிப்பைத் திருத்திவிடுவார்கள்.

6. ஒவ்வொரு குழுவும் ஒரு சந்தேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அரைத்தாளில் மூன்று வரி எழுத வேண்டும்: எதை மாற்றப் போகிறோம்? எதையெல்லாம் மாற்றாமல் வைக்கப் போகிறோம்? எதை அளக்கப் போகிறோம்? ஒரே சந்தேகம் குறைந்தது இரண்டு குழுவுக்குப் போவது நல்லது. முடிவுகளை ஒப்பிட அது உதவும்.

7. திட்டத் தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நட்டும் நூலும். பொருளை முதலில் கொடுத்தால் திட்டம் எழுதப்படாது.

கையெழுத்துக் கேட்டு வரும் குழுவிடம் எப்படிப் பேசுவது என்பதை விரிவாகவே காட்டுகிறேன், ஏனென்றால் இந்தப் பாடத்தின் மையமே இங்கேதான் இருக்கிறது. ஒரு குழு இப்படி எழுதிக்கொண்டு வரும்: "சின்னக் கயிற்றில் ஒரு நட்டு, பெரிய கயிற்றில் மூன்று நட்டு, எது வேகம் என்று பார்ப்போம்."

ஆசிரியர்: "சரி, பெரிய கயிறு மெதுவா ஆடுதுன்னு வச்சுக்குவோம். எதனால மெதுவா ஆச்சு?"

மாணவி: "மூணு நட்டு இருக்குல்ல டீச்சர், வெயிட்டாலதான்."

ஆசிரியர்: "பக்கத்துக் குழுக்காரன் வந்து, இல்லை, கயிறாலதான்னு சொன்னா? அவன் வாயை எப்படி அடைப்பே?"

அந்தப் பிள்ளை யோசிக்கும். சில சமயம் உடனே புரியும், சில சமயம் குழுவுக்குத் திரும்பிப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வரும். "ரெண்டுக்கும் ஒரே கயிறு வச்சுக்கிறோம் டீச்சர்" என்று வந்தால் கையெழுத்துப் போடுங்கள். வரவே இல்லை என்றால், தவறான திட்டத்தையே செய்ய விடுங்கள். நாளை முடிவைச் சொல்லும்போது வகுப்பிலிருந்து அதே கேள்வி வரும். "ஒன்றை மட்டும்தான் மாற்றணும்" என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அது மனப்பாடம் செய்யும் விதியாகிவிடும், மாவுக்கு வரும்போது நினைவில் இருக்காது.

## இரண்டாம் பாடவேளை: அளப்பது

8. பென்சிலை மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி டேப்பால் ஒட்டி, மேலே நான்கு புத்தகம் வைக்கவும். நூலை அதில் கட்டி, முடிச்சின் மேலும் டேப் ஒட்டவும். பெஞ்சின் உயரம் பெரும்பாலும் 75 செ.மீ.க்குள்தான் இருக்கும். அதனால் 60 செ.மீ.க்கு மேற்பட்ட ஊசலை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள்.

9. வேலையைப் பிரித்துக் கொடுக்கவும். ஒருவர் இழுத்து விட, ஒருவர் எண்ண, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் எழுத, ஒருவர் திட்டத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு "மாற்றக் கூடாதது மாறிவிட்டதா?" என்று கண்காணிக்க. கடைசி வேலையை அதிகம் பேசாத பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள். நன்றாகச் செய்வார்கள். மூன்று அளவுக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பெண் பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருப்பார்கள், பையன்கள் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள்.

10. ஒவ்வொரு அளவையும் மூன்று தடவை எடுக்கச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று மட்டும் விலகி நின்றால் காரணம் தேடட்டும்.

### இங்கே நடக்கும் பிழைகள்

எண்ணுவது. நட்டை விடும்போதே "ஒன்று" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னால் பத்து என்று நினைத்தது ஒன்பதுதான். விடும்போது "பூஜ்யம்" சொல்லப் பழக்குங்கள். போய்த் திரும்பி வந்தால்தான் ஓர் அலைவு. போனதையும் வந்ததையும் தனித்தனியாக எண்ணும் குழுவுக்கு நேரம் சரிபாதியாக வரும். பக்கத்துக் குழுவோடு ஒப்பிடும்போது அவர்களே பிடித்துவிடுவார்கள்.

நீளம். நூலை மட்டும் அளப்பார்கள். தொங்கும் இடத்திலிருந்து நட்டின் நடு வரை அளக்க வேண்டும். குட்டை ஊசலில் இந்தப் பிழை முடிவையே புரட்டிவிடும்.

நட்டைச் சேர்ப்பது. எடையை எடுத்துக்கொண்ட குழுவைக் கூர்ந்து கவனியுங்கள். ஒரு நட்டுக்குக் கீழே இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று என்று சங்கிலியாகக் கட்டுவார்கள். கட்டிவிட்டு, "எடை கூடினா மெதுவா ஆடுது டீச்சர், நிரூபிச்சுட்டோம்" என்று ஓடி வருவார்கள். அளவுகளும் அப்படித்தான் காட்டும், ஏனென்றால் கீழே கீழே கட்டியதில் ஊசலின் நீளமும் கூடிவிட்டது. உடனே திருத்தாதீர்கள். ஸ்கேலைக் கையில் கொடுத்து, "தொங்கற இடத்துலேருந்து நட்டோட நடு வரைக்கும் இப்போ அளந்து பாருங்க, முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?" என்று கேளுங்கள். எல்லா நட்டையும் ஒரே கொக்கியில் பக்கம் பக்கமாக மாட்டலாம் என்ற யோசனை பெரும்பாலும் பிள்ளைகளிடமிருந்தே வரும். அதற்காகத்தான் ஜெம் கிளிப். ஒன்றை மாற்றப் போய் இன்னொன்று தெரியாமல் மாறிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் நடுநிலைப் பள்ளி இயற்பியலில் வேறில்லை என்பது என் எண்ணம்.

இழுத்துத் தள்ளுவது. நட்டை விட வேண்டும், தள்ளக் கூடாது. பக்கவாட்டில் தள்ளினால் ஊசல் வட்டமடிக்கும்.

## முடிவுகளைப் பேசுவது

11. எல்லாக் குழுவின் எண்களையும் பலகையில் ஒரே அட்டவணையில் எழுதுங்கள். உங்களுக்குப் பிடிக்காத எண்ணையும் எழுதுங்கள்.

12. முதலில் எண்களை மட்டும் பேசச் சொல்லுங்கள்: "என்ன தெரியுது?" அதன் பிறகு "ஏன்?" எடையை மாற்றிய குழுக்களுக்கு நேரம் ஏறக்குறைய மாறியிருக்காது. பாதிக்கு மேற்பட்ட வகுப்பு எடைதான் காரணம் என்று கணித்திருக்கும். நோட்டில் பேனாவால் எழுதிய கணிப்பை இப்போது எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே ஒரு வரி சேர்க்கட்டும்: "இப்போது நான் நினைப்பது... என் எண்ணத்தை மாற்றிய அளவு..."

13. இழுக்கும் தூரத்தை எடுத்த குழு ஒரு சங்கடமான முடிவைக் கொண்டுவரலாம். புத்தகம் அலைவு நேரம் வீச்சைப் பொறுத்ததல்ல என்று சொல்லும். ஆனால் நூலை மிக உயரமாகத் தூக்கிவிட்ட குழுவுக்கு நேரம் சற்றுக் கூடுதலாக வரும். அவர்கள் அளந்தது சரி. நேராகத் தொங்கும் நிலையிலிருந்து 20 பாகைக்குள் இழுத்தால் வேறுபாடு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நம் கடிகாரத்தில் தெரியாது. 60 பாகைக்குத் தூக்கினால் ஏழு சதவீதம் அளவுக்குக் கூடும். "புத்தகத்துல அப்படி இல்லையே, நீ தப்பா அளந்துட்டே" என்று அந்தக் குழுவிடம் சொல்லிவிட்டால் அந்த ஆண்டு முழுதும் அவர்கள் இனி எதையும் அளக்க மாட்டார்கள். "சின்ன வீச்சுக்கு மட்டும் புத்தகம் சொல்றது பொருந்துது, எதுவரைக்கும் பொருந்துதுன்னு நீங்க கண்டுபிடிக்கலாம்" என்று சொல்லுங்கள். அதுதான் உண்மையும்கூட.

14. கண்டுபிடித்ததைப் பயன்படுத்த ஒரு வேலை கொடுங்கள். இதை விட்டுவிட்டால் சோதனை நடந்ததே தவிர, சிக்கல் தீர்த்தல் நடக்கவில்லை. "10 அலைவுக்குச் சரியாகப் 10 விநாடி எடுக்கும் ஊசலைச் செய்து காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். பதில் ஏறக்குறைய 25 செ.மீ. சில குழு தடவித் தடவி வரும், சில குழு அட்டவணையைப் பார்த்து 15-க்கும் 30-க்கும் இடையில் என்று நேராக வரும். இரண்டு வழியையும் வகுப்பில் சொல்ல வையுங்கள். முடித்தவர்களுக்கு அடுத்தது: "20 விநாடிக்கு எவ்வளவு நீளம் வேண்டும்? முதலில் சொல்லுங்கள், பிறகு கட்டுங்கள்." எல்லோரும் 50 செ.மீ. என்பார்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் வேண்டும். 15, 60 இரண்டின் நேரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னால் நாலு மடங்கு நீளத்துக்கு இரண்டு மடங்கு நேரம் என்பதைப் பிடித்துவிடுவார்கள். வாய்ப்பாடு மேல் வகுப்பில் வரட்டும்.

## வீட்டுச் சிக்கல்: மாவு பொங்கவில்லை

மார்கழியில் பல வீடுகளில் கேட்கும் புகார் இது. முதல் நாள் இரவு கரைத்து வைத்த மாவு காலையில் அப்படியே கிடக்கிறது, இட்லி கல்லாக வருகிறது. குளிர் காலத்தில் இந்தப் பாடத்தை எடுத்தால் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சும் நடக்கும், பிள்ளைக்கு மதிப்பும் கூடும்.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் பாக்டீரியாக்கள் மாவைப் புளிக்க வைக்கின்றன. அப்போது உண்டாகும் கார்பன் டை ஆக்சைடை உளுந்தின் பசை பிடித்து வைத்துக்கொள்வதால் மாவு எழும்புகிறது. இதைப் பாடத்தின் கடைசி நாளில் சொல்லுங்கள், முதல் நாளில் வேண்டாம்.

முதல் நாள். வீட்டில் இரண்டு பேரிடமாவது கேட்டுவரச் சொல்லுங்கள்: "மாவு பொங்கலைன்னா என்ன பண்ணுவீங்க?" அடுப்புப் பக்கத்தில் வைப்போம், கையால் கரைப்போம், உப்பு முதலிலேயே போடுவோம், உப்பைக் காலையில் போடுவோம், வெந்தயம் சேர்ப்போம் என்று பலவிதமாக வரும். ஒன்றுக்கொன்று முரணானதும் வரும். அந்த முரண்தான் நல்ல கேள்வி.

இரண்டாம் நாள். திட்டத் தாள். ஊசலுக்கு எழுதிய அதே மூன்று வரி. இப்போது உங்கள் உதவி இல்லாமல் எத்தனை குழு ஒன்றை மட்டும் மாற்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் கற்றார்களா என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

மூன்றாம் நாள். எல்லாக் குழுவுக்கும் ஒரே பாத்திரத்து மாவு போக வேண்டும். அன்று காலை அரைத்ததாக இருக்கட்டும். ஆளுக்கொரு வீட்டு மாவைக் கொண்டுவந்தால் எதையும் ஒப்பிட முடியாது. உப்பு, வெந்தயம், கையால் கரைப்பது ஆகியவற்றைச் சோதிக்கும் குழுக்களுக்காக உப்பும் வெந்தயமும் போடாமல் கரண்டியாலேயே கலக்கிய மாவு வேண்டும். நேராக நிற்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, மாவின் மட்டத்தில் ரப்பர் பேண்ட் போட வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு டம்ளர். ஒன்று சாய்ந்துவிட்டாலும் இன்னொன்று இருக்கும்.

சூட்டைச் சோதிக்கும் குழுவுக்கு ஒரு தெர்மோகோல் பெட்டியும், கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பி மூடிய பாட்டிலும் கொடுங்கள். தண்ணீர் ஆறினால் மாற்ற வேண்டும். இன்னொரு ஜோடி டம்ளர் வகுப்பறை மூலையில், மற்றொன்று ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள். ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ரப்பர் பேண்டிலிருந்து எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று அளந்து எழுதட்டும். மாலைக்குள் பெட்டியில் உள்ள மாவு முந்திக்கொள்ளும். பானையில் உள்ளது பின்தங்கும். குளிர் அதிகமான ஊரில் மாலைக்குள் எதுவுமே எழும்பாமல் போகலாம். அப்படியானால் ஒரு பிள்ளை வீட்டில் இரவு வைத்துக் காலையில் அளந்துவர ஏற்பாடு செய்யுங்கள்.

உப்பைப் பற்றிய விடையை இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் வகுப்பு எவ்வளவு உப்புப் போட்டது என்பதைப் பொறுத்து அது மாறும். "கொஞ்சம்", "நிறைய" என்பதற்குப் பதிலாக அரை ஸ்பூன், ஒரு ஸ்பூன் என்று அளந்து போட வேண்டும் என்று பிள்ளைகளே உணர்வார்கள்.

கடைசி நாள். ஒவ்வொரு குழுவும் வீட்டுக்கு ஒரு பரிந்துரை எழுத வேண்டும்: என்ன செய்யலாம், எதை வைத்து அப்படிச் சொல்கிறோம், எதை நாங்கள் சோதிக்கவில்லை. மூன்றாவது வரியைக் கட்டாயமாக்குங்கள்.

## பாதுகாப்பு

- ஊசலை ஒருபோதும் மின்விசிறியிலோ அதன் கொக்கியிலோ கட்ட விடாதீர்கள். ஒரு பையனாவது கேட்பான். பெஞ்சின் மேல் ஏறிக் கட்டுவதும் கூடாது.
- கல்லையோ பூட்டையோ கட்டி ஆட்ட வேண்டாம். நட்டின் முடிச்சை ஒவ்வொரு அளவுக்கு முன்னாலும் இழுத்துப் பார்க்கவும். ஆடும் தளத்துக்கு நேரே யாரும் முகத்தை நீட்டக் கூடாது.
- மாவு உள்ள எதையும் இறுக்கி மூடாதீர்கள். வாயு அடைபட்டு மூடி தெறிக்கும். தட்டால் லேசாக மூடினால் போதும். பொங்கி வழிந்தால் பிடிக்கக் கீழே ஒரு தட்டு வையுங்கள்; எறும்பு வராமலும் இருக்கும்.
- சோதனை மாவை யாரும் ருசி பார்க்கக் கூடாது, அதில் இட்லி சுடவும் கூடாது. அளந்து முடித்ததும் கொட்டிவிட வேண்டும். தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கையில் காயம் உள்ளவர் மாவைத் தொடாமல் எழுதும் வேலையை எடுத்துக்கொள்ளட்டும்.
- வெந்நீரை ஆசிரியர் மட்டுமே ஊற்ற வேண்டும்.
- வெப்பநிலை அளக்க விரும்பினால் ஆல்கஹால் அல்லது டிஜிட்டல் வெப்பநிலைமானி. பாதரசம் உள்ளது வேண்டாம்; உடைந்தால் அந்த அறையில் நச்சு ஆவி பரவும்.

## நடுவில் வரும் தடைகள்

சத்தம் வரும். வேலைச் சத்தத்துக்கும் வெறும் சத்தத்துக்கும் வித்தியாசம் குழுவின் தாளைப் பார்த்தால் தெரியும். பக்கத்து வகுப்புக்குத் தொந்தரவு என்றால் ஊசலை வராந்தாவிலோ மரத்தடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். காற்று வீசாத இடமாக இருக்க வேண்டும்.

பாடத்திட்டம் முடியாதே என்ற கவலை நியாயமானது. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த வேண்டியதில்லை, நடத்தவும் கூடாது. அலகுகள், பெயர்கள், குறியீடுகள், மின்சாரத்தில் கை வைக்கக் கூடாத இடங்கள் ஆகியவற்றை நேராகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அவற்றைக் கண்டுபிடிக்க வைப்பது நேர விரயம். ஒரு பருவத்தில் இரண்டு பாடத்தை மட்டும் முழுமையாக இந்த முறையில் எடுத்தால் போதும். பிள்ளைகளே மாற்றிப் பார்க்கக்கூடிய ஒன்று இருக்க வேண்டும், அளக்கக்கூடிய ஒன்று இருக்க வேண்டும், வீட்டிலோ தெருவிலோ அதற்கு ஒரு தொடர்பு இருக்க வேண்டும். உப்பும் சர்க்கரையும் கரைவது, துணி உலர்வது, விதை முளைப்பது ஆகிய மூன்றும் நன்றாக வரும்.

தலைமை ஆசிரியரோ பெற்றோரோ "நோட்டில் ஒன்றும் எழுதவில்லையே" என்று கேட்டால், கணிப்பு, திட்டம், அட்டவணை, மாறிய எண்ணம் நான்கும் உள்ள பக்கங்களைக் காட்டுங்கள். பலகையில் பார்த்து எழுதிய நோட்டில் நாற்பதும் ஒரே மாதிரி இருக்கும். இதில் நாற்பதும் வேறு வேறாக இருக்கும்.

## தேர்வில் கேட்பது

ஹோஷங்காபாத் திட்டத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்தே தேர்வு எழுதினார்கள். செய்முறைத் தேர்வும் இருந்தது. நம்மால் முழுத் தேர்வையும் மாற்ற முடியாது. ஆனால் வகுப்புத் தேர்வில் ஒரு கேள்வியை மாற்றலாம். "தனி ஊசல் – வரையறு" என்பதற்குப் பதில் இப்படி:

*ஒரு வீட்டில் ஊசல் வைத்த பழைய சுவர்க் கடிகாரம் இருக்கிறது. ஊசலின் தண்டு இரும்பு. கடும் கோடையில் அது தினமும் சில விநாடிகள் பின்தங்குகிறது. காரணம் என்னவாக இருக்கலாம்? உங்கள் சந்தேகம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை சொல்லுங்கள். கடிகாரத்தைச் சரிசெய்ய என்ன செய்வீர்கள்?*

ஐந்து மதிப்பெண்ணை இப்படிப் பிரியுங்கள். பொருத்தமான ஒரு சந்தேகத்துக்கு ஒன்று. ஒன்றை மட்டும் மாற்றும் சோதனைக்கு இரண்டு. எதை அளப்பது என்பதற்கு ஒன்று. ஊசல் குண்டைச் சற்று மேலே ஏற்றுவது போன்ற ஒரு தீர்வுக்கு ஒன்று. வெப்பத்தில் தண்டு நீள்கிறது என்பது தெரியாமல், "எண்ணெய் காய்ந்திருக்கும்" என்று எழுதிய பிள்ளையும் சந்தேகத்துக்கான மதிப்பெண்ணைப் பெற வேண்டும். அந்தச் சந்தேகத்தைச் சோதிக்க, எண்ணெய் விட்ட பிறகு ஊசலின் நீளத்தைத் தொடாமல், வெப்பமும் அதே அளவில் உள்ள நாள்களில் கடிகாரத்தின் வேகத்தை ஒப்பிடுவேன் என்று எழுதியிருந்தால் சோதனைக்கான இரண்டையும் கொடுங்கள்.